பேர் தெரியாதவருக்கு ஓர் அர்ச்சனை

அத்தியாயம் 17

ஆபரேஷனுக்கு இன்னும் இருபத்திரண்டு நாள்தான் என்று போன வாரம் சிவசங்கர் வீட்டில் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்கள். மனைவி ரஞ்சனிக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்கச் சம்மதம் என்று எல்லாக் காகிதங்களிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, வரும் வழியில் ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி அரைக் கிலோ மைசூர்பாகும் வாங்கி வந்தான் சிவசங்கர். அதில் ஒரு துண்டைக்கூட அவன் அம்மா பாப்பம்மாள் தொடவில்லை என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

இந்த வாரம் அந்தச் சந்தோஷத்துக்கு வேட்டு வைத்தது ஓர் எண். நாலாயிரத்து இருநூறு.

செவ்வாய்க்கிழமை காலை சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷாரோன் அந்த எண்ணைப் பேனாவால் வட்டமிட்டுக் காட்டினார்.

"உங்க ரெண்டு பேர் ரத்தத்தையும் சேர்த்துப் பார்த்த முதல் கிராஸ்மேட்ச்ல எல்லாம் சரியா இருந்தது. இது அதைவிட நுணுக்கமான டெஸ்ட். ரஞ்சனி ரத்தத்துல ஆன்டிபாடி இருக்கு. வெளியிலிருந்து ஒண்ணு உள்ள வந்தா அடிச்சு விரட்டற வேலை அதுக்கு. ஆயிரத்துக்குக் கீழ இருந்தா நான் கவலைப்பட மாட்டேன்."

"மேல இருந்தா இன்னா ஆவும் டாக்டர்?" என்றான் சிவசங்கர்.

"நீங்க கொடுக்கற கிட்னியை அவங்க உடம்பு ஏத்துக்காம தாக்க ஆரம்பிச்சிடும். உங்களுக்கும் ஒண்ணு போய், அவங்களுக்கும் பிரயோஜனம் இல்லாம ஆயிடும்."

ரஞ்சனி குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல இன்னொரு விஷயம். இந்த ஆன்டிபாடி குறிப்பா உங்களுக்கு எதிரா இருக்கு சிவசங்கர். உங்க திசுவுல இருக்கற ஓர் அடையாளத்தை இவங்க உடம்பு ஏற்கெனவே எங்கயோ பார்த்து, ஞாபகம் வெச்சிருக்கு."

"எங்க பார்த்திருக்கும்?"

"கர்ப்பம் தங்கியிருந்தா வரும். கலைஞ்சு போயிருந்தாலும் வரும். இல்லன்னா ரத்தம் ஏத்தியிருக்கணும். அந்தக் குழந்தைக்கோ, ரத்தம் கொடுத்தவருக்கோ உங்ககிட்ட இருக்கற அதே அடையாளம் இருந்திருக்கணும். சொந்தக்காரங்களுக்குள்ள அது சகஜம். சம்பந்தமே இல்லாத ஆளுக்கும் தற்செயலா இருக்கலாம்." டாக்டர் ரஞ்சனி பக்கம் திரும்பினார். "உங்க ஃபைல்ல ரெண்டுமே இல்லைன்னு போட்டிருக்கு."

"ரெண்டுமே இல்ல டாக்டர்."

"தொடையில பெரிய தையல் தழும்பு இருக்கே? அப்போ ஏதாவது..."

"சின்ன வயசுல சைக்கிள்ல வுழுந்தது. ரத்தம்லாம் ஏத்தல."

டாக்டர் கேள்வியை முடிக்கக்கூட இல்லை. பதில் வந்துவிட்டது.

சிவசங்கருக்குச் சுருக்கென்றது. கல்யாணமான புதிதில் அவனும் அந்தத் தழும்பைப் பற்றிக் கேட்டிருக்கிறான். கம்பி வேலி கிழித்தது என்று சொன்னாள். ஆறு வருஷத்தில் வேலி சைக்கிளாகிவிட்டது.

"எதனால வந்ததுன்னு தெரிஞ்சாத்தான் ஆன்டிபாடியை வடிகட்டிட்டு ஆபரேஷன் பண்ணலாமா, வேற டோனர் தேடணுமான்னு நான் யோசிக்க முடியும்" என்றார் டாக்டர். "நாளைக் காலைல பத்து மணிக்குள்ள போன் பண்ணுங்க. இல்லன்னா தேதியைத் தள்ளி வெச்சிடுவேன். எனக்கு வேற வழியில்லை."

திரும்பி வர பஸ் ஏறினார்கள். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்து கறுத்துப்போன கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ரஞ்சனி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எப்போதும் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொள்ளும் சிவசங்கர் இன்று ஒரு சாண் தள்ளியே இருந்தான். தனக்குத் தெரியாமல் தன் பிள்ளையைச் சுமந்து இழந்தாளா? இல்லை, வேறு யாருடைய பிள்ளையோவா? சொந்தக்காரர்கள் என்று டாக்டர் சொன்னதும், ஓசூரில் வேலை பார்க்கும் தம்பி லோகேஷின் முகம் நினைவுக்கு வந்தது. சீ என்று தன்னையே திட்டிக்கொண்டான். ஆனாலும் அந்த முகம் போக மறுத்தது. சந்தேகத்துக்கு ஏது வெட்கம்?

வல்லக்கோட்டையில் இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் ரஞ்சனி போய்ப் படுத்துக்கொண்டாள். பாப்பம்மாள் மகனைக் கொல்லைப்புறம் இழுத்துக்கொண்டு போனாள்.

"டாக்டரம்மா இன்னா சொன்னா?"

அவன் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தான். சொல்லிவிட்டான்.

பாப்பம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள்.

"நான் ஒண்ணு சொல்றேன், கத்தாத. போன பொதன்கெழம கோயிலுக்குப் போனேன்ல. உம் பொண்டாட்டி எனக்கு முன்னாடி அர்ச்சன தட்ட வெச்சிக்கினு நிக்கறா. என்னப் பாக்கல. குருக்கள் பேரு, நட்சத்திரம் கேக்கறாரு. இவ இன்னா சொன்னா தெரியுமா? 'பேர் தெரியாது சாமி. அவர் எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்'னு சொல்றா."

"அதனால?"

"அவருன்னா யார்ரா அந்த அவரு? வருசா வருசம் ஆகஸ்டு இருவதாந்தேதி ஆனா தனியா கோயிலுக்குக் கெளம்புறா. மூணு வருசமா நான் காலண்டர்ல குறிச்சிக்கினு வரேன். நீ ஷிப்டு, ஓவர்டைம்னு ஓடிக்கினு கீற. உனக்கு எங்க தெரியப் போவுது?"

"கண்டத பேசாதம்மா."

"நான் பேசல. ரத்தம் பேசுது." பாப்பம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உனக்கு எப்பவும் இதே புத்திதான். டிரெய்னியா இருந்தப்பவே ஊர் பேர் தெரியாத எவளுக்கோ ரத்தம் குடுத்துட்டு வந்து தலய சுத்துதுன்னு வுழுந்த. அப்பவே அடிச்சித் தடுத்திருக்கணும். இப்ப கிட்னிய அறுத்துக் குடுக்கறேன்ற."

அம்மாவை அதட்டிவிட்டு உள்ளே வந்தான் சிவசங்கர். ஆனால் கால்கள் நேராகப் பீரோவுக்குத்தான் போயின. ரஞ்சனி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டிய மனைவியின் புடவைகளுக்கு அடியில் கைவிட்டுத் துழாவுகிறோமே என்று அவனுக்கே கூசியது. கூசிக்கொண்டே துழாவினான்.

அவளுடைய பள்ளிக்கூடச் சான்றிதழ்கள் இருந்த ஃபைலில், கடைசி உறைக்குள் நாலாக மடித்த ஒரு காகிதம் இருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டு. பெயர்: அமலா. வயது: 21. சேர்த்த தேதி: 20.08.2013. ரத்தம் இரண்டு யூனிட் ஏற்றப்பட்டது. என்ன நோய், என்ன சிகிச்சை என்று எழுதியிருந்த கீழ்ப்பாதி மடிப்பில் இற்றுக் கிழிந்து போயிருந்தது.

ஆகஸ்ட் இருபது!

அமலா என்பவள் ரஞ்சனியின் பெரியம்மா மகள். மணிமங்கலத்தில் குடியிருக்கிறாள். அவளுடைய ஆஸ்பத்திரிச் சீட்டு இவளிடம் ஏன்? கல்யாணமாகாத ஒரு பெண் வேறொருத்தி பெயரில் ஆஸ்பத்திரியில் சேர என்ன காரணம் இருக்கும்? காரணங்கள் வரிசையாக வந்தன. ஒன்றாவது நல்லதாக இல்லை.

இரண்டாவது ஷிப்டுக்குப் போவதுபோல யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தான். ஒரகடம் கம்பெனிப் பக்கம் திரும்பவில்லை. படப்பை வழியாக மணிமங்கலத்துக்கு விட்டான். வழியில் சட்டைப் பையில் மூன்று தடவை போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை.

அமலா முதல் ஷிப்டு முடிந்து அப்போதுதான் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். யூனிஃபார்மில் வாசலில் நின்றவனைப் பார்த்ததும் பயந்துவிட்டாள்.

"வாங்க தம்பி. ரஞ்சனிக்கு ஏதாச்சும்...?"

"அவளுக்கு ஒண்ணும் இல்ல அண்ணி. உங்களுக்குத்தான் பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒடம்புக்கு என்னமோ ஆயிருக்கு. இன்னா ஆச்சு?"

"எனக்கா? எனக்கு ஒண்ணும் ஆவலியே."

"ரத்தம் ஏத்துனாங்களாமே?"

"அய்யோ, எனக்கு யாரு ரத்தம் ஏத்துனது? ரெண்டு பிரசவத்துக்குமே ஏத்தல."

சிவசங்கர் சீட்டை எடுத்து நீட்டினான். தன் பெயரைப் படித்த அமலாவின் முகம் வெளிறிவிட்டது. வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"இது உங்க பேருதான அண்ணி?"

"மறந்து போயிருப்பேன் தம்பி. ஆமா. எனக்குத்தான். ஏதோ காய்ச்சல்."

"காய்ச்சலுக்கு ரெண்டு பாட்டில் ரத்தமா?"

தழும்பு இருக்கிறதா என்று கேட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஆனால் கட்டியவளின் அக்காவிடம் எந்த ஆண்பிள்ளை அதைக் கேட்பான்? பற்களைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"என்ன ஒண்ணும் கேக்காதீங்க. எனக்கு ரெண்டு புள்ளைங்க கீது" என்று கையெடுத்துக் கும்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டாள் அமலா.

இரண்டு பேரும் சேர்ந்து எதையோ மூடி மறைக்கிறார்கள் என்பது மட்டும் உறுதியாயிற்று. மூடிய கதவுக்கு முன்னால் அவன் கொஞ்ச நேரம் நின்றான். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

இங்கே வல்லக்கோட்டையில் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் சத்தத்தில் ரஞ்சனி விழித்துக்கொண்டாள். தெருமுனையில் பஸ் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டு சிவசங்கர் இல்லாமலே போனது. ஆணியில் யூனிஃபார்ம் இல்லை. பைக்கும் இல்லை.

ஷிப்டுக்குப் போகாமல் எங்கே போயிருப்பார்? ஆஸ்பத்திரிக்கா? கையெழுத்தைத் திரும்ப வாங்கவா? மாமியார் ஆறு மாதமாகப் போட்டுவந்த தூபம் இன்றைக்குப் பலித்துவிட்டதா?

"அத்தை, அவர் எங்க போனாரு?"

கொல்லையில் மோட்டார் ரூம் ஓரம் நின்று தாழ்ந்த குரலில் போனில் பேசிக்கொண்டிருந்த பாப்பம்மாள் திடுக்கிட்டுத் திரும்பினாள். போனைச் சட்டென்று இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எனக்கு இன்னா தெரியும்? உம் புருசன், நீயே கேளு."

போன் என்றாலே கத்திப் பேசுகிறவள் அத்தை. இன்றைக்கு மட்டும் என்ன ரகசியம் என்று நினைத்தாள் ரஞ்சனி. கேட்கத் தைரியமில்லை. பீரோவைத் திறந்தாள். புடவைகள் கலைந்திருந்தன. ஃபைலின் கடைசி உறை காலியாக இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நாலரை மணிக்கு அமலாவிடமிருந்து போன் வந்தது. அக்கா அழுதுகொண்டே பேசினாள்.

"அவரு வந்துட்டுப் போனாரு ரஞ்சி. அவர் மூஞ்சே சரியில்ல. தப்பா நெனச்சிக்கினு கீறாருடி. நீ சொல்லிடு. எம் மேல பண்ணின சத்தியத்த நானே எடுத்துட்டேன். வேல போனா போவட்டும்."

"உன் ரெண்டு புள்ளைங்க கதி இன்னாக்கா?"

"நீ செத்துப் போய்ட்டா நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு என் புள்ளைங்களுக்குச் சோறு போடுவேன்? சொல்லிடுடி."

சிவசங்கர் திரும்பியபோது வெயில் இறங்கியிருந்தது. ரஞ்சனி கூடத்தில் காத்திருந்தாள். பாப்பம்மாள் அரிசி புடைக்கிற சாக்கில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவன் சீட்டை மனைவி முன்னால் போட்டான்.

"அது நான்தான்" என்றாள் ரஞ்சனி.

பாப்பம்மாளின் முறம் நின்றது.

"அப்போ எனக்குப் பதினேழு வயசு. அப்பா வேல போயி வூட்ல குந்திக்கினு இருந்தாரு. பதினெட்டு ஆவாம கம்பெனில எடுக்க மாட்டாங்க. அமலா அக்கா கல்யாணம் நிச்சயமாயி வேலைய வுட்டா. கான்ட்ராக்டர்தான் சொன்னான், அவ கார்டுலயே இவ வரட்டும், ரெண்டு பேருக்கும் ஒரே ஜாடைதான்னு. கம்பெனி கேட்டுக்கு உள்ள நான் அமலா. வெளிய வந்தா ரஞ்சனி. பத்து மாசம் அப்படித்தான் போனேன்."

"ஆஸ்பத்திரிக்கு ஏன் போன?" அவன் குரல் இன்னும் இளகவில்லை.

"தகடு அடுக்கின ட்ராலி எம் மேல சாஞ்சிடுச்சு. தொடைய அறுத்துடுச்சு. அக்காவோட இஎஸ்ஐ கார்டுல சேத்தாங்க. ரத்தம் நிக்கவே இல்ல. நம்ம குரூப்புதான் உங்களுக்கே தெரியுமே, ஓ நெகட்டிவ். ஒரு பாட்டில்தான் இருந்துச்சாம். பக்கத்துக் கம்பெனில யாரோ ஒரு பையனுக்கு அதே குரூப்புன்னு ஷிப்டு நடுவுல கூட்டினு வந்தாங்களாம். அவரு குடுத்துட்டு உடனே போய்ட்டாராம்."

சிவசங்கர் கீழே கிடந்த சீட்டை எடுத்துத் தேதியை மறுபடி பார்த்தான்.

"வெளிய சொன்னா அக்காவும் ஜெயிலுக்குப் போவா, நானும் போவேன்னு கான்ட்ராக்டர் மிரட்டினான். அப்புறம் அக்கா அதே நம்பர்ல திரும்ப வேலைக்குப் போயி இப்ப பர்மனென்ட் ஆயிட்டா. ஆள் மாறாட்டம்னு தெரிஞ்சா அவ வேல போயிடும். அவ தலைல அடிச்சி சத்தியம் பண்ணேன். அதான் டாக்டர் கேட்டும் சொல்லல. இந்த ரத்தம் இன்னிக்கு இப்படி வந்து நிக்கும்னு சத்தியமா எனக்குத் தெரியாதுங்க."

"அந்த அர்ச்சனை?"

அவள் நிமிர்ந்து மாமியாரை ஒரு தடவை பார்த்தாள். ஓகோ, இதுவும் போய்ச் சேர்ந்துவிட்டதா என்ற பார்வை அது.

"அந்தப் பையனுக்குத்தான். பேரு கேட்டேன். யாரும் சொல்லல. ட்ராலி அடியிலயே செத்திருக்க வேண்டிய என்ன அவர் ரத்தம்தான எழுப்பி உக்கார வெச்சுது? வருசத்துல ஒரு நாள் அவருக்காக வேண்டிக்கக் கூடாதா?"

சிவசங்கருக்கு, டிரெய்னியாக இருந்த காலத்தில் ஒரு நாள் மிஷின் ஓடிக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் ஓடி வந்து, 'உனக்கு ஓ நெகட்டிவ்தான, ஏறுடா வண்டில' என்று தள்ளிக்கொண்டு போனது நினைவுக்கு வந்தது. யாருக்கு என்று கேட்டதற்கு, 'பக்கத்துக் கம்பெனிப் பொண்ணு, ட்ராலி சாஞ்சிடுச்சாம்' என்றார்கள். கையில் ஒரு பழரசமும் ஓர் அட்டையும் கொடுத்தார்கள். அட்டையைப் படிக்கக்கூட இல்லை. அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் படுத்தவன்தான்.

அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். பாப்பம்மாள் அங்கே இல்லை.

உள்ளே டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. மகனின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து ஐடிஐ சர்டிபிகேட் வரை மருமகள் கை படாமல் மஞ்சள் பையில் போட்டு வைத்திருப்பவள் அவள். அந்தப் பையைக் கொண்டுவந்து கூடத்தில் கொட்டினாள். காகிதங்களுக்கு நடுவே பழுப்பேறிய ஒரு ரத்த தான அட்டை விழுந்தது.

"எனக்குப் படிக்கத் தெரியாது. நீ படிடா" என்றாள்.

கொடுத்தவர்: சிவசங்கர். பிரிவு: ஓ நெகட்டிவ். தேதி: 20.08.2013. அதற்குக் கீழே, நோயாளி என்று அச்சடித்த இடத்தில் நீல மையில் எழுதியிருந்த பெயர், அமலா.

அவன் படிக்கப் படிக்க ரஞ்சனி எழுந்து வந்து அட்டையை வாங்கிக்கொண்டாள். அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"உங்களுக்கா?" என்றாள். "இத்தன வருசமா உங்களுக்கா வேண்டிக்கினு இருந்தேன்?"

சிவசங்கர் உடைந்து போனான். அன்றைக்கு இவள் உயிரைப் பிடித்து வைத்த அதே ரத்தத்தைத்தான் இவள் உடம்பு அந்நியன் என்று முகம் பார்த்து வைத்திருக்கிறது. அவனே கொடுத்ததுதான் இன்று அவனை உள்ளே விட மாட்டேன் என்கிறது. இது தெரியாமல் பஸ்ஸில் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருந்தோமே என்று நினைத்தபோது அவனுக்குத் தன் மீதே அருவருப்பாக இருந்தது. தம்பியை நினைத்ததை யாரிடமும் சொல்ல முடியாது. சாகிற வரைக்கும் அது அவனுக்குள் கிடக்கும்.

"என்ன மன்னிச்சிடு ரஞ்சி. காலைல முதல் வேலையா டாக்டருக்கு எல்லாத்தையும் சொல்லிடறேன். வடிகட்டலாம்னாங்க இல்ல? எத்தன தடவ வேணும்னாலும் வடிகட்டட்டும். நான் எங்கயும் போவ மாட்டேன்."

ரஞ்சனி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வருஷ டயாலிசிஸில் அழுதே இராதவள் இப்போது வாய்விட்டு அழுதாள்.

பாப்பம்மாள் மட்டும் அழவில்லை. கொட்டிய காகிதங்களுக்கு நடுவே இடிந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

"சங்கரு, உன் போன எடுத்துப் பாருடா."

அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. எடுத்துப் பார்த்தான். எடுக்காத அழைப்புகள் மூன்றும் ஆஸ்பத்திரி நம்பர்.

"நீ பைக்க எடுத்துக்கினு போனதும் நான் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன்டா. எம் புள்ள கிட்னி குடுக்க மாட்டான், மனசு மாறிட்டான்னு சொல்லிட்டேன். உன்கிட்ட கேக்கறோம்னாங்க. நீ எடுக்கலன்னா, அந்தத் தேதிய இன்னிக்கே வேற ஒருத்தருக்குக் குடுத்துடுவோம்னு சொன்னாங்கடா."